பருமன் கேட்கிறது, பரப்பு கொடுக்கிறது

கொதிக்கக் கொதிக்க வந்த காப்பியை உடனே குடிக்க வேண்டும். என்ன செய்கிறோம்? டம்ளரில் இருப்பதை அகலமான டபராவில் ஊற்றுகிறோம். சிறிது நேரத்தில் காப்பி குடிக்கும் பதத்துக்கு வந்துவிடுகிறது. டபராவுக்கு மாறியதால் காப்பியின் அளவு கூடவுமில்லை, குறையவுமில்லை. காற்றைத் தொடும் பரப்பு மட்டும் கூடிற்று. வெப்பம் வெளியேறும் வாசல் அகலமாயிற்று.

பாயசத்துக்கு வெல்லத்தை முழுக் கட்டியாகப் போடாமல் தட்டிப் போடுகிறோம். பெரிய விறகுக் கட்டையை நேரே கொளுத்தாமல், முதலில் சுள்ளிகளில் தீ மூட்டுகிறோம். ஆறுதல், கரைதல், எரிதல் ஆகிய மூன்றுமே பொருளின் மேற்பரப்பில் நடைபெறும் செயல்கள். பரப்பைக் கூட்டினால் இச்செயல்களின் வேகமும் கூடும்.

சமையலறையில் நாம் காணும் இந்த எளிய உண்மை, உயிருள்ள பொருள்கள் அனைத்தையும் ஆளுகிறது. செல் ஏன் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கிறது? நுரையீரல் ஏன் கடற்பஞ்சு போல இருக்கிறது? மூஞ்சூறு ஏன் ஓயாமல் தின்கிறது? பிறந்த குழந்தையை ஏன் உடனே துடைத்துப் போர்த்த வேண்டும்? இக்கேள்விகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும். ஆனால் இவை அனைத்துக்கும் அடிப்படை ஒரே ஒரு விகிதம். அதுவே புறப்பரப்புக்கும் பருமனுக்கும் உள்ள விகிதம். அதைப் பற்றித்தான் இக்கட்டுரையில் காணப் போகிறோம்.

முதலில் ஒரு சிறு கணக்கு

தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கனசதுரத்துக்கு ஆறு முகங்கள். ஆகவே அதன் புறப்பரப்பு 6 × பக்கம் × பக்கம். அதன் பருமன், அதாவது கன அளவு, பக்கம் × பக்கம் × பக்கம். சில அளவுகளுக்குக் கணக்கிடுவோம்.

பக்கம் 1 செ.மீ. : பரப்பு 6 ச.செ.மீ., பருமன் 1 க.செ.மீ., விகிதம் 6
பக்கம் 2 செ.மீ. : பரப்பு 24 ச.செ.மீ., பருமன் 8 க.செ.மீ., விகிதம் 3
பக்கம் 3 செ.மீ. : பரப்பு 54 ச.செ.மீ., பருமன் 27 க.செ.மீ., விகிதம் 2
பக்கம் 6 செ.மீ. : பரப்பு 216 ச.செ.மீ., பருமன் 216 க.செ.மீ., விகிதம் 1
பக்கம் 10 செ.மீ. : பரப்பு 600 ச.செ.மீ., பருமன் 1000 க.செ.மீ., விகிதம் 0.6

பக்கம் 10 மடங்கு ஆகும்போது பரப்பு 100 மடங்கு ஆகிறது. பருமனோ 1000 மடங்கு ஆகிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு கன சென்டிமீட்டருக்கும் கிடைக்கும் பரப்பு பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. கனசதுரத்துக்குப் பதில் கோளத்தை எடுத்தாலும், யானையின் உருவத்தையே எடுத்தாலும், வடிவம் மாறாதவரை இவ்விதி மாறாது.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த விகிதம் வெறும் எண் அன்று. அதற்கு அலகு உண்டு. சதுர சென்டிமீட்டரைக் கன சென்டிமீட்டரால் வகுத்திருக்கிறோம் அல்லவா? ஆகவே இரண்டு பொருள்களை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே அலகில் அளந்திருக்க வேண்டும். தேர்வில் பலர் மதிப்பெண் இழக்கும் இடம் இது.

இத்தகைய அளவுக் கணக்கைப் பற்றி 1638-ஆம் ஆண்டிலேயே கலிலியோ தமது இறுதி நூலில் எழுதினார். உயிரினங்கள் ஒவ்வொன்றுக்கும் ஏற்ற அளவு ஒன்று உண்டு என்பதை 1926-இல் ஒரு புகழ் பெற்ற கட்டுரையில் விளக்கியவர் ஜே.பி.எஸ். ஹால்டேன் என்ற ஆங்கிலேய உயிரியலறிஞர். அவர் 1957-இல் இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் காலமானார்.

செல் ஏன் சிறியது?

ஒரு செல் உயிரோடிருக்க வேண்டுமானால் உணவும் ஆக்சிஜனும் உள்ளே வர வேண்டும். கரியமில வாயுவும் பிற கழிவுகளும் வெளியே போக வேண்டும். எவ்வளவு தேவை என்பதை முடிவு செய்வது செல்லின் உள்ளே இருக்கும் உயிர்ப்பொருளின் பருமன். எவ்வளவு வர முடியும் என்பதை முடிவு செய்வது அதைச் சுற்றியுள்ள சவ்வின் பரப்பு. கேட்பது பருமன், கொடுப்பது பரப்பு. செல் வளர வளரக் கேட்பவரின் கை ஓங்குகிறது. ஊர் பெருகிக்கொண்டே போக, கோட்டை வாசல்கள் அதற்கேற்பப் பெருகாவிட்டால் உள்ளே இருப்பவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதுதானே!

1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தை மீண்டும் எடுத்துக்கொள்வோம். அதை ஒரு மைக்ரான் பக்கமுள்ள சிறு கனசதுரங்களாக வெட்டுவதாகக் கற்பனை செய்யுங்கள். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வெட்டினால் ஒரு லட்சம் கோடி துண்டுகள் கிடைக்கும். மொத்தப் பருமன் அதே 1 க.செ.மீ.தான். ஆனால் மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டரிலிருந்து 6 சதுர மீட்டராகிவிடும்! முன்பு ஒரு தீப்பெட்டியைக்கூட முழுதும் மூடாத பரப்பு, இப்போது ஒரு சிறு அறையின் தரையளவு. பாக்டீரியாக்களின் வாழ்க்கை இரகசியம் இதுவே. நமது குடலில் வாழும் ஈ. கோலை என்ற பாக்டீரியா சுமார் 2 மைக்ரான் நீளமே உள்ளது. சூழ்நிலை உகந்ததாக இருந்தால் 20 நிமிடத்தில் அது இரண்டாகப் பெருகிவிடும். இவ்வளவு விரைவாக உணவை உள்ளே இழுக்க அதற்கு வாய் தேவையில்லை. அதன் உடல் முழுவதுமே வாய்தான்.

வாசலைக் கடந்தால் மட்டும் போதாது. உள்ளே கடைசி மூலைவரை போய்ச் சேர வேண்டும். செல்லுக்குள் ஆக்சிஜன் பரவுவது பெரும்பாலும் விரவல் முறையில்தான். அசையாத நீரில் ஒரு சொட்டு மை தானாகவே மெல்லப் பரவுகிறதே, அதுதான் விரவல். இதில் ஒரு வேடிக்கை உண்டு. தொலைவு இரு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். தொலைவு பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும். நீரில் ஆக்சிஜன் விரவ ஆகும் நேரத்தைத் தோராயமாகக் கணக்கிட்டால் கிடைப்பது இது:

10 மைக்ரான் தொலைவு : ஒரு வினாடியில் நாற்பதில் ஒரு பங்கு
1 மில்லிமீட்டர் : சுமார் 4 நிமிடம்
1 சென்டிமீட்டர் : சுமார் 7 மணி நேரம்
10 சென்டிமீட்டர் : சுமார் 29 நாள்

நமது மார்பின் நடுவிலுள்ள இதயத்துக்குத் தோல் வழியாக விரவல் மூலம் மட்டுமே ஆக்சிஜன் போய்ச் சேர வேண்டுமென்றால், நாம் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்க உயிரோடு இருக்க மாட்டோம்!

இதனால்தான் யானையின் செல் சுண்டெலியின் செல்லைவிடப் பெரியதாக இல்லை. யானைக்குச் செல்களின் எண்ணிக்கைதான் அதிகம். "அப்படியானால் கோழி முட்டையின் மஞ்சள் கரு ஒரே செல் என்கிறார்களே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அந்த மஞ்சள் கருவில் பெரும்பகுதி சேமித்து வைத்த உணவு. அது ஆக்சிஜன் கேட்பதில்லை. உயிர்ச் செயல் நடைபெறும் பகுதி அதன் மேலே ஒரு சிறு புள்ளி போன்ற தட்டு மட்டுமே. ஒட்டகச்சிவிங்கியின் நரம்புச் செல் இரண்டு மீட்டருக்கும் அதிக நீளம் இருக்கக்கூடும். ஆனால் மிக மிக மெல்லிய நூல் அது. நீளத்தைக் கூட்டித் தடிமனைக் குறைத்தால் விகிதம் கெடுவதில்லை.

மடிப்பும் கிளையும்

விகிதம் விடுகிற சவாலுக்கு இயற்கை கண்ட விடைகள் பல. எளிமையானது தட்டையாகிவிடுவது. ஓடைகளில் வாழும் தட்டைப் புழுக்களுக்கு நுரையீரலும் இல்லை, இரத்த ஓட்டமும் இல்லை. தட்டையான உடலில் எந்தச் செல்லும் நீரிலிருந்து வெகு தொலைவில் இருப்பதில்லை. மரத்தின் இலையும் இதே தந்திரத்தைத்தான் கையாளுகிறது.

உடல் தடித்த விலங்குகள் வேறு வழி தேடின. பரப்பை வெளியே விரிக்க இடமில்லாதபோது, அதை மடித்து உள்ளே வைத்துக்கொண்டன. வளர்ந்த மனிதனின் தோலின் பரப்பு 2 சதுர மீட்டருக்கும் சற்றுக் குறைவு. அவனது நுரையீரல்களின் கொள்ளளவு 5 அல்லது 6 லிட்டர்தான். ஆனால் அவற்றுள் 30 கோடி முதல் 50 கோடி வரை காற்று நுண்ணறைகள் உள்ளன. அவற்றின் பரப்பையெல்லாம் விரித்துப் பரப்பினால் சுமார் 70 சதுர மீட்டர் இருக்கும். ஒரு வாளித் தண்ணீருக்கும் குறைவான இடத்தில் ஒரு சிறு வீட்டின் தரையை மடித்து வைத்திருக்கிறோம்! மீனின் செவுள்கள் சீப்புப் பற்கள் போல இழை இழையாகப் பிரிந்திருப்பதும் இதற்காகவே.

சிறுகுடலின் உட்புறத்தில் மடிப்புகளும், அவற்றின்மேல் குடலுறிஞ்சிகளும், அவற்றின் செல்கள்மேல் மேலும் நுண்ணிய துருத்தல்களும் உள்ளன. இதன் பரப்பு ஒரு டென்னிஸ் ஆடுகளத்துக்குச் சமம் என்று நெடுங்காலம் பாடநூல்களில் எழுதிவந்தார்கள். 2014-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் நுண்ணோக்கி வழியாகக் கவனமாக அளந்து, அது சுமார் 30 சதுர மீட்டர்தான் என்று கண்டனர். பழைய கணக்கைவிட இது மிகக் குறைவு. ஆயினும் உடலின் தோலைப் போல ஏறத்தாழ 15 மடங்கு.

இரத்தச் சிவப்பணுவைப் பாருங்கள். அது உருண்டையாக இல்லாமல், நடுவில் இருபுறமும் குழிந்த தட்டாக இருக்கிறது. அதன் பருமன் சுமார் 90 கன மைக்ரான். அதே பருமனை உருண்டையாக உருட்டினால் புறப்பரப்பு 97 சதுர மைக்ரான்தான் கிடைக்கும். குழிந்த வடிவத்தில் கிடைப்பதோ சுமார் 135 சதுர மைக்ரான். எல்லா வடிவங்களிலும் மிகக் குறைந்த பரப்புடையது கோளம் என்று கணிதத்தில் படிக்கிறோம். ஆக்சிஜனை ஏற்றி இறக்கும் வேலை செய்யும் செல், கோள வடிவைக் கைவிட்டதில் வியப்பில்லை.

தாவரங்களும் சளைத்தவை அல்ல. 1937-இல் அமெரிக்கத் தாவரவியலறிஞர் டிட்மர், நான்கு மாதம் வளர்ந்த ஒரே ஒரு ரை தானியச் செடியின் வேர்களைப் பொறுமையாக அளந்தார். அதில் சுமார் 1400 கோடி வேர்த்தூவிகள் இருந்தன. வேர்களும் தூவிகளும் சேர்ந்து 600 சதுர மீட்டருக்கும் அதிகமான பரப்பைக் கொண்டிருந்தன. இத்தனையும் ஒரு பெட்டி மண்ணுக்குள்!

பாலைவனத்தில் நிலைமை தலைகீழ். அங்கே பரப்பு கூடினால் நீர் ஆவியாகித் தொலையும். ஆகவே கள்ளிச் செடிகள் இலைகளை முட்களாகச் சுருக்கிக்கொண்டு, தண்டைத் தடிமனாக்கி நீரைச் சேமிக்கின்றன. பரப்பு என்பது இருபுறமும் திறக்கும் கதவு. வேண்டியதை உள்ளே விடும் கதவே, வேண்டியதை வெளியேயும் விட்டுவிடும்.

வெப்பம் கசியும் வழி

வெளியே கசிந்து போகும் பொருள்களுள் முக்கியமானது வெப்பம். பாலூட்டிகளும் பறவைகளும் தம் உடல் வெப்பநிலையை ஒரே அளவில் வைத்துக்கொள்பவை. வெப்பம் உண்டாவது உடல் முழுவதும்; அதாவது பருமனில். அது வெளியேறுவது தோல் வழியாக, அதாவது பரப்பில். சிறிய விலங்குக்கு ஒவ்வொரு கிராம் உடலுக்கும் தோல் அதிகம். ஆகவே அது ஒவ்வொரு கிராமுக்கும் அதிக வெப்பத்தை இழக்கிறது. அந்த இழப்பை ஈடு செய்ய அதிகமாக உண்ண வேண்டியிருக்கிறது.

இதை முதன்முதலில் எண்களால் காட்டியவர் மாக்ஸ் ரூப்னர் என்ற ஜெர்மானிய உடலியல் அறிஞர். 1883-இல் அவர் பல்வேறு எடையுள்ள நாய்களை ஆராய்ந்தார். 31 கிலோ எடையுள்ள நாய் ஒரு நாளில் ஒரு கிலோ உடல் எடைக்கு 36 கிலோ கலோரி வெப்பத்தை வெளியிட்டது. 3 கிலோ எடையுள்ள நாயோ ஒரு கிலோவுக்கு 88 கிலோ கலோரி வெளியிட்டது. ஆனால் எடைக்குப் பதில் தோலின் பரப்பால் வகுத்துப் பார்த்தபோது, எல்லா நாய்களுக்கும் சதுர மீட்டருக்கு 1000 முதல் 1200 கிலோ கலோரி என்ற அளவில் விடை கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தது.

எட்ருஸ்கன் மூஞ்சூறு என்ற ஒரு சிறு பிராணி தென் ஐரோப்பாவிலிருந்து ஆசியா வரை வாழ்கிறது. அதன் எடை சுமார் 2 கிராம். அதன் இதயம் நிமிடத்துக்கு 1500 முறைவரை துடிப்பதாக அளந்திருக்கிறார்கள். நாள்தோறும் தன் எடையைவிட அதிகமாகத் தின்றாக வேண்டும்; சில மணி நேரம் உணவின்றி இருந்தாலும் அதன் உயிருக்கு ஆபத்து. யானையின் இதயமோ நிமிடத்துக்குச் சுமார் 30 முறைதான் துடிக்கிறது. யானையின் சிக்கல் வேறு: உள்ளே உண்டாகும் வெப்பத்தை வெளியேற்றப் போதிய தோல் இல்லை. அது காதுகளை ஓயாமல் விசிறுவது எதற்காக? மெல்லிய, அகன்ற காதுகளில் இரத்தம் ஓடிக் குளிர்ந்து திரும்புகிறது. கொதிக்கும் வெயிலில் வாழும் ஆப்பிரிக்க யானையின் காது, காட்டு நிழலில் வாழும் நம் நாட்டு யானையின் காதைவிடப் பெரியது. காதும் ஒரு டபராதான்!

ரூப்னர் கண்ட விதியே முழு உண்மையா? பரப்பு மட்டுமே காரணமானால், உடல் வெப்பம் எடையின் மூன்றில் இரண்டு அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்க வேண்டும். 1932-இல் மாக்ஸ் கிளைபர் பல விலங்குகளின் அளவீடுகளைத் தொகுத்தபோது, அந்த அடுக்கு நான்கில் மூன்றுக்கு அருகே வந்தது. ஆகவே தோலைத் தவிர வேறு காரணங்களும் இருக்க வேண்டும். 1997-இல் ஜெஃப்ரி வெஸ்ட் என்ற இயற்பியலறிஞரும் இரு உயிரியலறிஞர்களும், இரத்தக் குழாய்கள் கிளை கிளையாகப் பிரியும் விதமே இதற்குக் காரணம் என்று ஒரு கொள்கையை வெளியிட்டனர். அதைப் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் சிறிய உடல் கிராமுக்குக் கிராம் வேகமாக எரிகிறது என்பதில் கருத்து வேறுபாடு கிடையாது. ஒரு காளையின் உடல் சுண்டெலியின் வேகத்தில் எரிந்தால், அந்த வெப்பத்தை வெளியேற்ற அதன் தோல் கொதிநீரைவிடச் சூடாக இருக்க வேண்டும் என்று கிளைபர் கணக்கிட்டார். சுண்டெலியின் உடல் காளையின் வேகத்தில் எரிந்தாலோ, குளிரைத் தாங்க அதற்கு 20 செ.மீ. தடிமனுள்ள உரோமப் போர்வை வேண்டும்!

குளிர் நாட்டில் பெரிய உடல் ஒரு வசதி. அண்டார்க்டிக்காவில் வாழும் பேரரசப் பெங்குவின் 30 கிலோவுக்கும் அதிகமாக எடையிருக்கக்கூடியது. நிலநடுக்கோட்டில் உள்ள கலபகோஸ் தீவுகளின் பெங்குவின் 2 அல்லது 3 கிலோதான். உடல் பெரியதாக இருந்தும் துருவக் குளிர்காலத்தில் அது போதவில்லை. முட்டையைக் காலின்மேல் வைத்து அடைகாக்கும் ஆண் பெங்குவின்கள் நூற்றுக்கணக்கில் ஒன்றோடொன்று நெருக்கி நிற்கின்றன. பக்கத்துப் பறவையோடு ஒட்டிய பக்கம் காற்றைத் தொடுவதில்லை. அங்கே வெப்ப இழப்பும் இல்லை. நூறு சிறு உடல்கள் சேர்ந்து ஒரு பெரிய உடலாகிவிடுகின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் தேவைப்படும்.

நம்மில் மிகச் சிறியவர்

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் தோலின் பரப்பு சுமார் 1.65 சதுர மீட்டர். அப்போதுதான் பிறந்த 3 கிலோ குழந்தையின் தோலின் பரப்பு சுமார் 0.21 சதுர மீட்டர். கிலோவுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். பெரியவருக்கு 275 சதுர சென்டிமீட்டர். குழந்தைக்கு 700 சதுர சென்டிமீட்டர். குறைமாதத்தில் ஒரு கிலோ எடையுடன் பிறக்கும் சிசுவுக்கு ஏறத்தாழ 1000 சதுர சென்டிமீட்டர்.

பிறந்த குழந்தை நனைந்த உடலுடன் வெளியே வருகிறது. தோலின்மேல் உள்ள ஈரம் ஆவியாக வேண்டுமானால் ஒரு கிராமுக்குச் சுமார் 580 கலோரி வெப்பம் தேவை. 3 கிலோ குழந்தையின் உடலிலிருந்து 10 கிராம் ஈரம் ஆவியாவதாகக் கொள்வோம். தேவைப்படும் வெப்பம் 5800 கலோரி. உடலின் தன்வெப்பம் கிராமுக்கு 0.83 கலோரி. ஆகவே 3000 கிராம் உடலை ஒரு டிகிரி செல்சியஸ் குளிர்விக்க 2490 கலோரி வெளியேறினால் போதும். இழப்பு முழுவதும் உடலிலிருந்தே வந்தால், வெப்பநிலை 5800 ÷ 2490, அதாவது 2.3 டிகிரி குறையும்.

அதே தடிமனுள்ள ஈரப் படலம் 60 கிலோ எடையுள்ள பெரியவர்மேல் இருந்து ஆவியானால்? பரப்பு 8 மடங்கு. ஆகவே ஈரம் 80 கிராம். உடலோ 20 மடங்கு. கணக்கிட்டால் 0.9 டிகிரிதான் குறைகிறது. ஒரு கிலோ சிசுவுக்கு அதே கணக்கு 3.3 டிகிரி என்று வருகிறது. உடல் தானும் வெப்பத்தை உண்டாக்குவதால் உண்மை இழப்பு இவ்வளவு இராது. ஆனால் மூவருக்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்வு உண்மையானது. நாம் குளிரில் நடுங்கி வெப்பத்தை உண்டாக்கிக்கொள்கிறோம். பிறந்த குழந்தையால் அப்படி நடுங்கவும் இயலாது. தோள்பட்டைகளுக்கு இடையிலும் கழுத்தைச் சுற்றியும் உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்தே அது வெப்பம் பெற வேண்டும். குறைமாதச் சிசுவிடம் அந்தச் சேமிப்பும் சொற்பம்.

மருத்துவர்கள் சொல்லும் அறிவுரைகளின் பொருள் இப்போது விளங்கும். குழந்தை பிறந்தவுடன் துடைத்து உலர்த்த வேண்டும். ஈரத் துணியை அகற்ற வேண்டும். தலைக்குத் துணி அல்லது குல்லாய் போட வேண்டும். ஏனெனில் பெரியவருக்குத் தலை உடற்பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, பச்சிளங்குழந்தைக்கோ ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. பிறந்த உடனே குளிப்பாட்டும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. முதல் 24 மணி நேரம் கழியும்வரை குளிப்பாட்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. காரணத்தை நாம் கணக்காகவே பார்த்துவிட்டோம்.

1978-இல் தென் அமெரிக்காவில் உள்ள கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், எட்கர் ரே சனாப்ரியா என்ற குழந்தை மருத்துவர் ஒரு நெருக்கடியைச் சந்தித்தார். எடை குறைந்த குழந்தைகளோ பலர். அவர்களைக் கதகதப்பாக வைத்திருக்கும் இன்குபேட்டர் கருவிகளோ சில. அவர் கண்ட வழி எளிமையானது. குழந்தையைத் தாயின் மார்போடு, தோலோடு தோல் படும்படி நிமிர்த்தி அணைத்து, மேலே துணியால் கட்டிவிடச் சொன்னார். கங்காரு தன் குட்டியைப் பையில் சுமப்பதைப் போன்றிருப்பதால் இதைக் கங்காரு முறை என்கிறார்கள்.

பெங்குவின் கூட்டத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தாயோடு ஒட்டிய குழந்தை, வெப்பக் கணக்கில் தனிச் சிற்றுடல் அன்று. 37 டிகிரியில் நிலைத்திருக்கும் ஒரு பெரிய உடலின் பகுதியாகிவிடுகிறது. அதன் தோலில் பாதிக்குமேல் குளிர்ந்த காற்றைத் தொடாமல் தப்பிக்கிறது. மின்சாரம் நின்றாலும் இந்தக் கருவி நிற்காது.

1 கிலோ முதல் 1.8 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளிடம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 2021-இல் வெளியாயிற்று. வழக்கமான சிகிச்சையில் உடல்நிலை சீரான பிறகே கங்காரு முறையைத் தொடங்குவார்கள். அப்படிச் செய்த குழந்தைகளுள் முதல் 28 நாட்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு 15.7 பேர். பிறந்தவுடனேயே கங்காரு முறையைத் தொடங்கிய குழந்தைகளுள் இறந்தவர்கள் நூற்றுக்கு 12 பேர். கதகதப்பு மட்டுமே இதற்குக் காரணம் அன்று. தாய்ப்பால் எளிதில் கிடைப்பதும் நோய்த் தொற்று குறைவதும் சேர்ந்துகொள்கின்றன. ஆயினும், நான்கு சாவுகளில் ஒன்றைத் தடுக்க ஓர் அணைப்பால் முடிகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

செய்து பாருங்கள்

1. ஒரே உலோகத்தாலான, ஒரே வடிவமுள்ள இரண்டு பாத்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று சிறியது, மற்றது பெரியது. இரண்டையும் ஒரே வெப்பநிலையில் உள்ள சுடுநீரால் நிரப்புங்கள். பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, 5 நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பமானியால் அளந்து வரைபடம் வரையுங்கள். இரு கோடுகளும் ஏன் ஒன்றாக இல்லை என்பதை விளக்குங்கள்.

2. கடைகளில் சைனா கிராஸ் என்று விற்கும் அகர்-அகரைக் காய்ச்சி உறைய வைத்து, 1, 2, 3 செ.மீ. பக்கமுள்ள கனசதுரங்களாக வெட்டுங்கள். அடர்ந்த பீட்ரூட் சாற்றில் இரண்டு மூன்று மணி நேரம் மூழ்க வைத்துப் பிறகு குறுக்கே வெட்டுங்கள். நிறம் எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே ஆழத்துக்குத்தான் இறங்கியிருக்கும். அந்த ஆழம் 3 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், சிறிய துண்டில் 94 விழுக்காடும், நடுத்தரத் துண்டில் 66 விழுக்காடும், பெரிய துண்டில் 49 விழுக்காடும் நிறமேறியிருக்கும். இவ்வெண்கள் எவ்வாறு வந்தன என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். நிறமேறாத நடுப்பகுதியே பட்டினி கிடக்கும் பகுதி.

சிந்தியுங்கள்

1. எறும்பு யானையளவுக்கு வளர்ந்து ஊரை அழிப்பதாகத் திரைப்படங்களில் காட்டுகிறார்கள். எறும்புக்கு நுரையீரல் இல்லை. உடலின் பக்கங்களிலுள்ள துளைகள் வழியாக நுண்ணிய குழல்களில் காற்று உள்ளே செல்கிறது. அந்த எறும்பு ஊரை அழிக்குமா, அதற்கு முன்பே அதற்கு என்ன நேரும்?

2. கொளுத்தும் கோடையில் ஒரு கைக்குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே நேரத்தில் வயிற்றுப்போக்கு கண்டால், உடல் நீர் வற்றும் ஆபத்து யாருக்கு விரைவில் வரும்? தோலின் பரப்பை வைத்து ஒரு காரணம் கூறுங்கள்.

3. குளிரும்போது நாம் ஏன் கைகால்களை மடக்கிச் சுருண்டு படுக்கிறோம்? கோளத்தைப் பற்றி மேலே கூறியதைக் கொண்டு விடை காணுங்கள்.